எரித்ததில் பாதி

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையைக் குற்ற உணர்ச்சியில்தான் எழுத ஆரம்பித்தேன். என் இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அக்கா தன்னுடையதில் ஒன்றைத் தருகிறேன் என்றாள். எல்லாச் சோதனையும் பொருந்தியது, எடையைத் தவிர. எண்பத்திரண்டு கிலோ இருந்தாள். எழுபத்தைந்துக்கு இறங்கினால்தான் அறுவைச் சிகிச்சை என்று மருத்துவமனையில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

நாளைக் காலை ஒன்பது மணிக்கு எடை பார்க்கிறார்கள். இப்போது மாலை ஐந்தரை. அக்கா நடக்கப் போயிருக்கிறாள். அவள் திரும்புவதற்குள் கதையை முடித்துவிட வேண்டும். வந்ததும் வாங்கிப் படிப்பேன் என்று மிரட்டிவிட்டுத்தான் போயிருக்கிறாள்.

கதையின் கேள்வி இதுதான்: உடற்பயிற்சியில் எரித்த கலோரியைத் திரும்பச் சாப்பிடலாமா, கூடாதா? சிரிக்காதீர்கள். இந்த ஒரு கேள்விக்காக எங்கள் வீட்டில் சில மாதங்களாகச் சண்டை ஓய்ந்தபாடில்லை.

2

முதல் தொடக்கம்: "அவள் ஓடினாள். வியர்வை வழிய வழிய, தம்பியின் முகத்தை மட்டும் நினைத்தபடி, விடியலை நோக்கி..."

(அடித்துவிட்டேன். அக்கா பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடமாட்டாள்.)

இரண்டாம் தொடக்கம்: "மனைவி இளைப்பதைப் பார்க்கப் பார்க்கக் கணவனுக்கு..."

(என்னை ஒளித்துக்கொள்ளத் தம்பியைக் கணவனாக்கிப் பார்த்தேன். அக்கா படித்துவிட்டு, "யார்றா இந்த ஆளு? எனக்கே தெரியாம எனக்குக் கல்யாணம் பண்ணி வெச்சிருக்க?" என்றாள். ஆளை அனுப்பிவிட்டேன்.)

மூன்றாம் தொடக்கம்: "அக்கா ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறாள்." அழகு இல்லை, உண்மை இருக்கிறது. இதிலிருந்தே போகலாம்.

3

அக்கா ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறாள். மேசை விரிப்பு, தலையணை உறை, சமையல்காரர்களின் வெள்ளைக் கோட்டு. எட்டு மணி நேரம் ஒரே பலகைக்கு முன்னால் நிற்கிறாள். அவள் எடை குறைக்கப்போகிறாள் என்றதும், பெரிய மனுஷனாட்டம் நான் ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தேன். நடந்த அடிகளை எண்ணி, எரித்த கலோரியைச் சொல்லும் வகை.

முதல் நாளே அது தொள்ளாயிரம் கலோரி என்றது. அக்கா பூரித்துப்போனாள். மருத்துவமனையில் எழுதிக் கொடுத்த சாப்பாட்டை முடித்துவிட்டு, அதற்கு மேல் ரொட்டியில் வெண்ணெயைத் தடவிக்கொண்டே, "எரிச்சதைத்தானேடா திரும்பச் சாப்பிடறேன்! வாட்ச்சே சொல்லுதுல்ல?" என்றாள். நானும் தலையாட்டினேன். தினமும் இப்படியே. மாதக் கடைசியில் எடைக் கருவியில் ஏறினாள். எண்பத்திரண்டரை.

என்ன கோளாறு என்று எங்கள் இருவருக்கும் பிடிபடவில்லை. ஒருநாள் அவள் மறந்துபோன மதியச் சாப்பாட்டைக் கொடுக்கச் சலவைக்கூடத்துக்குப் போனேன். அங்கே பார்த்தேன். அக்கா நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. வலது கை மட்டும் முன்னும் பின்னும் போய்வந்துகொண்டிருந்தது. அந்தக் கையில்தான் கடிகாரம். இடது மணிக்கட்டில் பழைய நீராவித் தழும்பு இருப்பதால் வலதில் கட்டியிருந்தாள். இஸ்திரிப்பெட்டியின் ஒவ்வொரு இழுப்பையும் ஓர் அடி என்று எண்ணிக்கொண்டிருந்தது அந்த அறிவுக்கொழுந்து.

"பதினாலாயிரம் அடி காட்டுதுக்கா," என்றேன்.

பக்கத்தில் நின்ற சூப்பர்வைசருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "உங்கக்கா நின்ன இடத்துலயே ஊர்வலம் போயிருக்காங்க தம்பி!"

அக்கா சிரிக்கவில்லை. ஒரு மாதம் வீணாய்ப்போனது அவளுக்கு உறைத்துவிட்டது. எனக்கும்தான். கடிகாரம் நான் வாங்கியது.

4

(இந்த இடத்தில் ஒரு சந்தேகம். முந்தைய வரைவில் அக்காவைத் தியாகச் சிலையாக எழுதியிருந்தேன். கண்ணீர் மல்க, புன்னகை மாறாமல். நிஜத்தில் அன்று வீட்டுக்கு வந்ததும் கடிகாரத்தைக் கழற்றிச் சோபாவில் வீசிவிட்டு என்னைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினாள். அந்தச் சிலை எனக்கு யாரோ. இவளைத்தான் தெரியும்.)

அடுத்த மாதம் நேர்மாறு. எரித்ததில் ஒரு கலோரியைக்கூடத் திரும்பச் சாப்பிடமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். காலையில் ஒரு மணி நேர நடை, மாலையில் ஒரு மணி நேரம், நடுவில் எட்டு மணி நேர வேலை. தட்டில் கீரையும் வெள்ளரித் துண்டும். நாலு கிலோ இறங்கியது. நான் உள்ளூர மகிழ்ந்தேன். இதையும் ஒப்புக்கொள்கிறேன். அவள் கன்னம் ஒட்டுவதைப் பார்த்தேன், எண் இறங்குவதையும் பார்த்தேன், எண்ணைப் பற்றி மட்டும் அவளிடம் பேசினேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை பலகைக்கு முன்னாலேயே மயங்கி விழுந்தாள். இஸ்திரிப்பெட்டி விரிப்பின் மேலேயே கவிழ்ந்து கிடந்து அதைப் பொசுக்கிவிட்டது. நல்லவேளை, அவள் கை தப்பியது. ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டர், "எடை இறங்குது, சரி. ரத்தம் எங்கம்மா? இது தானம் குடுக்கற உடம்பா?" என்று கேட்டு, உத்தேசமாகக் குறித்திருந்த அறுவைச் சிகிச்சைத் தேதியைத் தள்ளிவைத்தார்.

"திமிர் பிடிச்சவளே, சாப்பிட்டுத் தொலையேன்!" என்று கத்தினேன். பயத்தில் வந்த கத்தல். அக்காவுக்கு அது தெரியும், அதனால் திருப்பித் திட்டவில்லை.

5

(கட்டுரை மாதிரி ஒரு பத்தி. கதைதான் வேண்டும் என்பவர்கள் தாண்டிக்கொள்ளலாம். ஆனால் எங்களைக் காப்பாற்றியது இந்தப் பத்திதான்.)

மருத்துவமனையின் உணவு ஆலோசகர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு எங்களைப் பார்த்தார். "இஸ்திரி போடறது உங்க தினசரி வேலை. அதுக்கு வேண்டிய சாப்பாட்டை முதல்லயே சேர்த்துதான் எழுதிக் குடுத்தேன். அதையே வாட்ச்சும் சொல்லுதுன்னு மறுபடி சாப்பிட்டா ரெண்டு தடவை ஆயிடும். வேலைக்குப் போறப்ப வாட்ச்சைக் கழட்டி வெச்சுடுங்க."

"அப்ப நடக்கறது?" என்றாள் அக்கா.

"அது தனி. ஆனா வாட்ச் கொஞ்சம் தாராளமாத்தான் சொல்லும். முந்நூறுன்னா நூத்தம்பதுன்னு வெச்சுக்குங்க, அந்தப் பாதியைச் சாப்பிடுங்க. பசி தாங்கலைன்னா இன்னும் கொஞ்சம். பசிக்குதான்னு வயித்தைக் கேளுங்க, வாட்ச்சைக் கேக்காதீங்க."

எல்லார் உடம்புக்கும் இதே பாதி சரிப்படும் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். அக்காவுக்குச் சரிப்பட்டது. முகத்தில் ரத்தம் ஏறியது, எடை நின்று நிதானமாக இறங்கியது. போன வாரம் எழுபத்தைந்தே முக்கால்.

6

முடிவுக்கு மூன்று வரைவு வைத்திருக்கிறேன்.

அ) எடைக் கருவியில் எழுபத்தைந்துக்குக் கீழே. நர்ஸ்கள் கைதட்டுகிறார்கள். (எந்த ஊர் நர்ஸுக்கு அவ்வளவு நேரம் இருக்கிறது?)

ஆ) எழுபத்தைந்தேகால். இன்னொரு மாதம். அக்காவும் தம்பியும் பேச்சே இல்லாமல் பஸ்ஸில்...

இ) இன்று மாலை நடந்துவிட்டு வந்தவள், எரித்ததைத் திரும்பச் சாப்பிடாமல் படுக்கிறாள். இந்த ஒரு ராத்திரி மட்டும். காலையில் எழுபத்து நாலே முக்கால். எல்லாம் சுபம்.

மூன்றில் எனக்குப் பிடித்தது இ. அதற்கு மெருகேற்றிக்கொண்டிருந்தபோதே கதவு திறந்தது. அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் தாளைப் பிடுங்கி, மூச்சு வாங்க நின்றபடியே படித்தாள்.

"இதுல நான் சாப்பிடலையே."

"கதைதானேக்கா."

"கதையிலயும் என்னைப் பட்டினி போடறியே, நல்லா இருப்படா நீ." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தாள். "கொஞ்சம் கூட இருந்தா இன்னொரு தேதி குடுப்பாங்க. அதுவரைக்கும் நீ தாங்குவேன்னு டாக்டர் சொல்லிட்டாருல்ல? உண்மையைச் சொல்லு. நான் காய்ஞ்சு கருவாடாகிக் குடுக்கற கிட்னியை வெச்சுக்கிட்டு உனக்குச் சோறு இறங்குமா?"

"இறங்காதுக்கா."

"அப்ப அதை அடி."

அடித்துவிட்டேன். அ, ஆ இரண்டையும் சேர்த்தே அடித்துவிட்டேன். அக்கா கை கழுவப் போயிருக்கிறாள். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறது, கூடவே ஏதோ முணுமுணுக்கிறாள், பாட்டாகத்தான் இருக்கவேண்டும்.

நாளைக் காலை ஒன்பது மணிக்கு அந்தக் கருவி என்ன காட்டும் என்பதை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். குறைத்துப் போட்டாலும் சரி, கூட்டிப் போட்டாலும் சரி, நான் சண்டைக்கு வரமாட்டேன். எனக்கு இப்போது எழுத நேரமில்லை, அடுப்பில் முட்டை வெந்துகொண்டிருக்கிறது. அக்காவுக்கு இரண்டு, எனக்கு ஒன்று.