சுவரில் ஓர் இகரம்

பள்ளியில் ஒருநாள், நான் சாப்பிட்டுவிட்டேன் என்பதை எங்கள் அப்ரூட்ஸோ மலைப் பேச்சில் "சொ மன்யாத்தெ" என்றேன். புத்தக இத்தாலியனில் அது 'நான் தின்னப்பட்டேன்' என்று கேட்குமாம். "ஐயோ இடா, உன்னைத் தின்னது யாரு?" என்றார் டீச்சர். ஊரே அதைச் சொல்லிச் சிரித்தது. பள்ளியை விட்டேன். ஊரார் பேசுவதை நோட்டில் எழுதத் தொடங்கினேன்.

தேவாலயச் சுவரில் ஆலிவ் அறுவடைப் படம் ஒன்று உண்டு. அதற்குப் பெயர்க்கல் வைக்க இந்த வசந்தத்தில் ஊர்மன்றம் முடிவு செய்தது. கல்லில் ஓவியர் டொனாத்தோ பெயர் மட்டும். ஆனால் படத்தில் பாதி என் அம்மா நுன்ஸியா வரைந்தது. டொனாத்தோ இறந்துபோனார். அம்மா சொன்னதை யாரும் நம்பவில்லை. அருகிலிருந்து பார்த்த கொத்தனார் செஸீதியோவும் இன்று இல்லை. அந்தப் படத்தைப் பற்றி அவர் பேசிய ஒலிநாடா மட்டும் இருந்தது. வடக்கே டூரினிலிருந்து வந்த, எங்கள் பேச்சு சரியாகத் தெரியாத செயலாளர் அதைக் கேட்டு, ஒருமையில் 'வரைந்தான்' என்று எழுதிவைத்திருந்தார்.

மன்றத்தில் எனக்குத் தரை துடைக்கும் வேலை; அப்போது அந்த நாடா என் காதிலும் விழுந்தது. கூட்டம் கூடிய ஞாயிறு காலை, நோட்டை மார்போடு பிடித்துக்கொண்டு எழுந்தேன். செயலாளரைப் பார்த்துச் சொன்னேன்:

"ஐயா, அந்த நாடாவை எல்லாருக்கும் போட்டுக் காட்டுங்க."

செஸீதியோவின் கரகரத்த குரல் வந்தது: "அ பித்தித்தெ நு முரெ."

"முன்னால வர்ற 'அ' ஒருத்தர் செஞ்சாலும் அதான், பத்துப் பேர் செஞ்சாலும் அதான்" என்றேன். "நீங்க அங்கதான் ஏமாந்தீங்க ஐயா. அடுத்த சொல்லைப் பாருங்க. ஒருத்தர் வரைஞ்சா 'பித்தாத்தெ'. இவர் 'பித்தித்தெ'ங்கறாரு. அப்படின்னா ரெண்டு பேரு!"

டொனாத்தோவின் அண்ணன் மகன் எர்க்கோலே துள்ளி எழுந்தான். "ஏ பொண்ணே, ஒருத்தரே நாலு சுவர் வரைஞ்சாலும் 'பித்தித்தெ'தான். எனக்கே பேசக் கத்துக்குடுக்குறியா?"

அவன் சொன்னது சரிதான். என் நோட்டிலும் அது இருந்தது.

"ஆமா மாமா. 'நு முரெ'ன்னா எத்தனை சுவரு?"

எர்க்கோலே உட்காரப் போனான்.

"சொல்லுப்பா!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

"ஒண்ணு" என்றான்.

"அப்ப அந்த 'இ' சுவருக்கு இல்லை, வரைஞ்ச ஆளுங்களுக்கு" என்றேன்.

கூரை அதிரும்படி சிரிப்பு. ரொட்டிக்கடை அஸ்ஸுன்தா மேசையைத் தட்டினாள்: "எர்க்கோலே, இப்ப உன்னைத் தின்னது யாருடா?"

செயலாளர் சிவந்த முகத்தோடு தன் தாளில் 'வரைந்தான்' என்பதை அடித்தார். கல்லில் எங்கள் பேச்சிலேயே 'பித்தித்தெ' என்று வெட்டுவதாக முடிவானது.

வெள்ளிக்கிழமை கல் வெட்டுகிறவர் உளியோடு வந்தார். நுன்ஸியா, டொனாத்தோ என்று இரண்டு பெயரும் அழகாக விழுந்தன. அம்மா மாவுக் கையோடு ஓடிவந்து பார்த்து, கல் வெட்டுகிறவரிடம் சொன்னாள்:

"பேரு எப்படி வேணா இருக்கட்டும் அண்ணே. 'பித்தித்தெ'ல அந்த 'இ' இருக்கு பாருங்க, அதை மட்டும் நல்லா ஆழமா வெட்டுங்க."