படுத்துக்கொண்ட படிகள்

கல்லூரி முடித்த மறுவாரம் திங்கட்கிழமை பத்தரை மணிக்கு அவளுடைய சக்கர நாற்காலி வாசலில் வந்து நின்றதும், நலத்துறை அலுவலகத்தின் இருபத்திரண்டு படிகளும் படுத்துக்கொண்டன. சத்தமில்லை, தூசியில்லை, பாய் விரித்த மாதிரி மாடிவரை ஒரே சரிவு. மகளைப் பதினாறு வருடமாக முதுகில் சுமந்தே மாடி ஏற்றிப் பழகிய அம்மா, தையல் வேலை செய்கிறவள், வழக்கம்போல முன்னால் வந்து குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "நிமிரும்மா," என்று சொல்லிவிட்டு மகள் தானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு ஏறினாள். வயது பத்தொன்பது. படித்தது கட்டட வரைபடம். மாணவி என்பதால் வந்துகொண்டிருந்த உதவித்தொகை, இனி மாணவி இல்லை என்பதால் அந்த மாதத்தோடு நின்றிருந்தது.

மாடியில் இருந்த குமாஸ்தா படிகளைப் பார்த்து வியக்கவில்லை. அவர் கவலை வேறு. புது உதவித்தொகைக்கு அவள் நீட்டிய விண்ணப்பத்தில் 'படி ஏற இயலுமா' என்று ஒரு கட்டம் இருந்தது.

"ஏறித்தானே வந்திருக்கே?"

"நான் ஏறல சார். அது படுத்துச்சு."

"அதுக்குக் கட்டம் இல்லையேம்மா," என்றார், உண்மையான வருத்தத்தோடு.

தவிர, உதவித்தொகை வேண்டுமென்றால் வேலை செய்ய முடியாதவள் என்று மருத்துவர் எழுதித் தர வேண்டும். பக்கத்து அறை வேலைவாய்ப்புப் பிரிவுக்கோ, வேலை செய்ய முடிந்தவள் என்று எழுதித் தர வேண்டும். மருத்துவர் நல்ல மனிதர். காலையில் ஒன்றும் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றுமாக இரண்டையும் எழுதித் தந்தார். இரண்டும் ஒரே ஃபைலில் போய்ச் சேர்ந்ததும், விண்ணப்பதாரர் தன்னோடு தானே முரண்படுகிறார் என்று மூன்றாவதாக ஒரு தாள் முளைத்து, மேசை மேசையாக எட்டு மாதம் உலாவியது. அதற்குள் வங்கி, நூலகம், அஞ்சலகம் என்று ஊர்ப் படிகளுக்கெல்லாம் பழக்கம் தொற்றிவிட்டது. அவள் வந்தால் படுத்தன, போனால் எழுந்தன. நகராட்சிப் பொறியாளர் அவற்றை எண்ணி, புதிதாக அமைத்த சாய்தளங்கள் என்று ஆண்டறிக்கையில் எழுதிப் பதவி உயர்வு பெற்றார். மூட்டுவலிக்காரர்கள் அவள் எங்கே எப்போது போகிறாள் என்று விசாரித்து வைத்துக்கொண்டார்கள். அம்மா மட்டும் கொஞ்ச நாள் உம்மென்று இருந்தாள். "என் முதுகுக்கு ஓய்வு குடுத்தாச்சு. ஓய்வூதியந்தான் குடுக்கல," என்று தையல் மெஷினிடம் சொன்னாள்.

கடைசியில் அலுவலகமே ஒரு வேலை தந்தது. அதிகாரிக்கு முழங்கால் தேய்மானம். ஒன்பதிலிருந்து ஐந்துவரை அவள் வாசலில் இருந்தால் போதும். பதவி, படி உதவியாளர்.

"என்ன சார் செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா உக்காந்திரு. நாங்கல்லாம் அப்படித்தானே இருக்கோம்."

"நான் படிச்சதுக்கு வேலை கேட்டேன் சார். நீங்க படிக்கு வேலை தர்றீங்க."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதிகாரி கோபப்படுவதா சிரிப்பதா என்று யோசிப்பதற்குள், மகள் தன் மடியில் இருந்த விதிப்புத்தகத்தைத் திறந்தாள். காத்திருப்போர் பெஞ்சின் காலுக்கு முட்டுக்கொடுத்திருந்த புத்தகம் அது. எட்டு மாதத்தில் இரண்டு தடவை முழுசாகப் படித்திருந்தாள். முப்பத்தொன்றாம் பக்கம்: பாதி நாள் வேலை செய்கிறவருக்கும் உதவித்தொகை உண்டு, சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டும்வரை. எவ்வளவு முடியும் என்று மருத்துவர் எழுதினால் போதும். முடியுமா முடியாதா என்ற கேள்வியே கிடையாது.

"இது எப்ப வந்துச்சு?" என்றார் அதிகாரி.

"பதினோரு வருஷமாச்சு சார்."

படிகள் படுத்தபோது தலைநிமிராத அலுவலகம் அன்று எழுந்து வந்து, புத்தகத்தைச் சுற்றி நின்று பார்த்தது. குமாஸ்தா அந்தப் பக்கத்தைத் தொட்டுக்கூடப் பார்த்தார்.

அடுத்த மாதம் உதவித்தொகை வந்தது. வரைபட அலுவலகம் ஒன்றில் பத்திலிருந்து இரண்டுவரை வேலையும் கிடைத்தது. லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி. பள்ளி, கடை, வீடு என்று எது வந்தாலும் வாசலுக்கு முதலில் ஒரு சாய்தளம் வரைந்துவிட்டுத்தான் சுவரையே தொடங்கினாள். எதற்கு எல்லாவற்றிலும் இது என்று முதலாளி கேட்டார்.

"நான் ஒருத்திதானே சார். எல்லா வாசலுக்கும் நானே போய் நிக்க முடியுமா?"

அவர் கையெழுத்துப் போட்டார். அவள் வேலை செய்யும் கட்டடத்தில் பீரோ, கட்டில் ஏற்ற வேண்டியவர்கள் இப்போதெல்லாம் பத்திலிருந்து இரண்டுக்குள் வந்துவிடுகிறார்கள்.