ஹெர்னியான்னு சொன்ன ஆபரேஷன்

"ஊட்டுல கலந்து பேசிட்டு புதன்கெழம வந்து சொல்லுங்க"ன்னு டாக்டர் சொன்னா, கலந்து பேச உங்க ஊட்டுல ஆள் இருக்குதுங்களா?

ராஜரத்தினத்துக்கு இல்ல. ஆனா தலைய ஆட்டி, "சரிங்கம்மா, பேசிட்டு வந்துர்றேன்"னாரு. பேச ஆள் இல்லீங்கன்னு அந்தச் சின்ன வயசு டாக்டரம்மாகிட்ட சொல்ல அவருக்கு வாய் வரல.

அறுபத்தெட்டு வயசு. நீலகிரியில குந்தாவுக்குக் கீழ ஒரு தேயில எஸ்டேட். சின்ன வயசுல இலங்கையில இருந்து கப்பல் ஏறி வந்த குடும்பம். அதனால எல்லாரும் லைன் வீடுன்னு சொல்றத அவரு மட்டும் லயம்பாரு, அதுல இருக்கிற ரூம காம்பராம்பாரு, பெத்த பொண்ணையும் மகள்னுதான் கூப்புடுவாரு. முப்பத்தாறு வருசம் எஸ்டேட் ஃபேக்டரியில தேயில காய வெக்கிற டிரையர் முன்னாடி நின்னவரு. சம்சாரம் அன்னம் போயி அஞ்சு வருசம் ஆச்சு. ஒரே பொண்ணு கோகிலவாணி திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போறா.

இடுப்பு வலின்னு போனவருக்கு ரத்தம் எடுத்து, சதை எடுத்து, கோயமுத்தூருக்கு அனுப்பி ஸ்கேன் பாத்து, கடைசியில ஊட்டி ஆஸ்பத்திரியில டாக்டர் தீபலட்சுமி முன்னாடி கொண்டுவந்து உக்கார வெச்சுட்டாங்க. அன்னைக்கு திங்கக்கெழம.

"புராஸ்டேட்ல கேன்சருங்க ஐயா. எலும்புக்குப் போயிருச்சு. இனி முழுசா எடுத்தெறிய முடியாது, ஆனா அடக்கி வெக்கலாம். ஆம்பளைங்களுக்கு ஊர்ற ஹார்மோன் ஒண்ணு இருக்கு. அத வெச்சுத்தான் இது வளருது. அத நிறுத்தணும்."

"எப்படிங்கம்மா நிறுத்துறது?"

"ரெண்டு வழி இருக்குங்க. ஒண்ணு ஊசி. மூணு மாசத்துக்கு ஒருக்கா, ஆயுசுக்கும் போடணும். இங்க இப்ப ஸ்டாக் இல்ல, வெளியதான் வாங்கணும். ஒரு ஊசி பத்தாயிரம் பக்கம் வரும். இன்னொண்ணு சின்ன ஆபரேஷன். ரெண்டு விதையையும் எடுத்துருவோம். ஒரே தடவ. உங்ககிட்ட காப்பீட்டுக் கார்டு இருக்கிறதுனால காசு கட்ட வேண்டியதில்ல."

ராஜரத்தினம் மேசை மேல இருந்த கை கழுவுற பாட்டிலையே பாத்துட்டு இருந்தாரு. அன்னத்துகிட்டகூட அந்த வார்த்தைய அவரு வாயால சொன்னதில்ல.

"எதுங்கம்மா நல்லது?"

"வேலை ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டுலயும் ஆசை போயிரும். திடீர்னு உடம்பு சூடாகி வேர்க்கும். ஊசின்னா வேணாம்னு தோணும்போது நிறுத்திக்கலாம். எடுத்தத திருப்பி வெக்க முடியாது. அதனால நான் முடிவு சொல்ல மாட்டேன். உங்க உடம்பு, உங்க இஷ்டம்."

"இந்தக் குளிருக்கு வேர்த்தா நல்லதுதானுங்களே"ன்னாரு. டாக்டர் சிரிச்சுட்டாங்க. அவரும் சிரிச்சாரு. அப்புறம் ரெண்டு பேருக்குமே சிரிப்பு நின்னு போச்சு.

"ஆபரேஷன்னா புதன்கெழம அட்மிட் ஆயிருங்க, வியாழக்கெழம காலையில பண்ணிரலாம். ஆனா கூட ஒருத்தர் இருக்கணும். கையெழுத்துப் போடவும், ராத்திரி பாத்துக்கவும். யாரு இருக்காங்க?"

"இருக்காங்கம்மா."

ஊசிக்கு ஆள் தேவையில்ல, காசுதான் வேணும். ஆபரேஷனுக்கு காசு தேவையில்ல, ஆள்தான் வேணும். அவருகிட்ட ரெண்டும் இல்ல. பஸ்ஸுல வர்ற வழி பூரா இதையேதான் நெனச்சுட்டு வந்தாரு.

இதுல இன்னொரு கூத்து. ஆஸ்பத்திரிக்கு எதுக்குன்னு லயத்துல கேட்டவங்களுக்கெல்லாம் ஏற்கனவே "ஹெர்னியா"ன்னு சொல்லி வெச்சிருந்தாரு. வாய்க்கு வந்த பொய். டீத்தூள் மூட்டை தூக்குன ஃபேக்டரி ஆம்பளைங்கள்ல பாதிப் பேருக்கு ஹெர்னியா இருக்குது. அதுல வெக்கமே கெடையாது. குழாயடியில நின்னு சட்டையத் தூக்கி தழும்பக் காட்டுவாங்க. வேற எந்த வியாதியச் சொல்லியிருந்தாலும் ஒதுங்கிப் போயிருப்பாங்க. இதச் சொன்னதுனால அன்னைக்கு சாயங்காலமே நாலு பேரு வந்துட்டாங்க.

"வலை வெச்சுத் தைப்பாங்கண்ணே. கொசுவலை மாதிரிதான் இருக்கும்."

"இவன் பேச்சக் கேக்காதீங்க. இவனுக்கு வெச்ச வலையில மீனே புடிக்கலாம்."

எல்லாரும் சிரிச்சாங்க. ராஜரத்தினம் அவங்களுக்கு டீ போட்டுக் குடுத்தாரு. யாருகிட்ட யோசன கேக்கலாமோ அவங்க பூராப் பேருகிட்டயும் பொய் சொல்லியாச்சு. இனி யாரைக் கேக்குறது? அவங்க போனதும் டம்ளரக் கழுவிக் கவுத்து வெச்சுட்டு, அடுப்பு முன்னாடி சும்மா உக்காந்திருந்தாரு.

செவ்வாக்கெழம எஸ்டேட் ஆபீசுக்குப் போனாரு. அவருக்கு வரவேண்டிய கிராஜுவிட்டி பணம் ரெண்டு லட்சத்து எம்பதாயிரம் அங்க நிக்குது. ரிட்டையர் ஆகி எட்டு வருசமாகியும் அவரு வாங்கல. அவரு மட்டுமில்ல, அந்த லயத்துல வயசான பாதிப்பேரு வாங்கல. எஸ்டேட்ல வழக்கம் அப்படி. காம்பராவக் காலி பண்ணி சாவியக் குடுத்தாத்தான் செக்கு குடுப்பாங்க. பணத்தக் கேக்காம இருந்தா, போன்னும் சொல்ல மாட்டாங்க. புள்ளைங்க யாராச்சும் எஸ்டேட்ல பேர் பதிஞ்சு வேலைக்குப் போனா காம்பரா அவங்க பேருக்கு மாறும். கோகிலவாணி பதியல. அதனால ராஜரத்தினம் அந்தப் பணத்துக்கு மேலயே படுத்துத் தூங்குறாருன்னு வெச்சுக்குங்க.

"சாவி கொண்டாந்தீங்களா?"ன்னாரு ஹெட் கிளார்க் ஸ்ரீராம்.

"இல்லீங்கய்யா. சும்மா கேட்டுட்டுப் போலாம்னு. கொஞ்சம் பணம் மட்டும் இப்ப…"

"கொஞ்சமெல்லாம் கெடையாதுங்க. குடுத்தா முழுசா, இல்லாட்டி இல்ல. சாவிய வைங்க, பதினஞ்சு நாள்ல செக்கு. உங்களுக்கும் தெரியுமே."

"தெரியுமுங்க."

"ஹெர்னியாவாமே? பாத்து. வெயிட்டு தூக்காதீங்க."

வெளிய வந்து தேயிலக்காட்டு வழியில நின்னாரு. மூடுபனி எறங்கி எதிர்ல ஃபேக்டரி பொகைக்கொழா மட்டும் தெரிஞ்சுது. சாவியக் குடுத்தா ஊசிக்குப் பணம் வரும். ஏழு வருசத்துக்கு வரும். அவ்வளவு காலம் இருப்பாரோ என்னமோ. ஆனா சாவியக் குடுத்துட்டு எங்க போறது?

திருப்பூர்தான். திருப்பூர்ல கோகிலவாணிக்கு ஒரே ரூம். அவ, புருசன் கமலேஷ், ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. கக்கூஸ் கீழ, எட்டு குடித்தனத்துக்கு ஒண்ணு. போன பொங்கலுக்குப் போயி நாலு நாள் இருந்தாரு. ராத்திரிக்கு ஆறு தடவ எந்திரிக்கிற மனுசன். படுத்திருக்கிற நாலு பேரத் தாண்டி, தாப்பாளச் சத்தமில்லாமத் தொறந்து, மாடிப்படி எறங்கிப் போகணும். மூணாம் நாள் ராத்திரி பாதிப் படியிலயே வேட்டி நனைஞ்சு போச்சு. காலையில கோகிலா ஒண்ணும் கேக்காம படியக் கழுவி விட்டா. அவ கேக்காததுதான் அவருக்குப் பொறுக்கல. அடுத்த பஸ்ஸுக்குக் கெளம்பி வந்துட்டாரு.

இங்க கதவத் தொறந்தா அவரு வாசல். ராத்திரி காட்டுமாடு நின்னா டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, கதவோரம் வெச்சிருக்கிற டப்பாவுலயே போய்க்குவாரு. யாரு பாக்குறா? அவரு எந்திரிக்கிறதும் படுக்கிறதும் அவருக்கு மட்டும்தான் தெரியும்.

உடம்புல இருக்கிறதக் குடுக்கிறதா, காம்பராவக் குடுக்கிறதா. அங்கயே நின்னு முடிவு பண்ணிட்டாரு. காம்பராவக் குடுக்க முடியாது.

இனி கையெழுத்துக்கு ஆள் வேணும். ரெண்டு காம்பரா தள்ளி இருக்கிற சில்வஸ்டர்கிட்ட போனாரு. சில்வஸ்டர் பத்து வயசு சின்னவரு, இன்னும் டிரையர்ல வேல. இவருகிட்டதான் தொழில் கத்துக்கிட்டவரு. வாய் மட்டும் ஓயாது.

"ஹெர்னியாவுக்குத்தானண்ணே? ஒரு நாள் லீவு போட்டா ஆச்சு. என் ஆபரேஷனுக்கு நீங்க வந்து நின்னீங்கள்ல. அந்த நர்ஸம்மா உங்கள என் அப்பான்னு நெனச்சுதே, ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்லாம. உன்னையப் பெத்திருந்தா அன்னைக்கே தூக்கிப் போட்டிருப்பேன்."

புதன்கெழம ரெண்டு பேரும் காலை பஸ்ஸுல ஊட்டிக்குப் போனாங்க. டாக்டர் முன்னாடி, "ஆபரேஷனே பண்ணிருங்கம்மா"ன்னு மட்டும் ராஜரத்தினம் சொன்னாரு. சில்வஸ்டர் அப்ப வெளிய வடை சாப்ட்டுட்டு இருந்தாரு. வார்டுல கட்டில் குடுத்தாங்க. சாயங்காலம் அஞ்சரை மணிக்கு நர்ஸ் இந்து பேப்பரோட வந்தாங்க.

"நீங்க இவருக்கு என்ன வேணும்?"

"தம்பிங்க"ன்னாரு சில்வஸ்டர், கண்ணே சிமிட்டாம.

"சரி, கேட்டுக்குங்க. இவருக்கு புராஸ்டேட் கேன்சருக்காக ரெண்டு பக்க விதையையும் எடுக்கிறோம். எடுத்தா எடுத்ததுதான், மாத்த முடியாது. புரிஞ்சுதுன்னா இங்க கையெழுத்துப் போடுங்க."

அவங்க மெல்லத்தான் சொன்னாங்க. ஆனா பக்கத்துக் கட்டில்காரரு இந்தப் பக்கமா இருந்த மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாரு.

சில்வஸ்டர் பேனாவக் கையில வெச்சுட்டு நின்னாரு.

"சிஸ்டர், ஒரு அஞ்சு நிமிசம்"னு சொல்லிட்டு ராஜரத்தினத்த வராந்தாவுக்குக் கூட்டிட்டுப் போனாரு.

"என்னண்ணே இது? ஹெர்னியான்னீங்க."

"என்னன்னு சொல்லச் சொல்ற? குழாயடியில நின்னு இதச் சொல்லட்டுமா?"

"என்கிட்ட சொல்லக் கூடாதா?"

"உன்கிட்ட சொன்னா குழாயடியில சொன்ன மாதிரிதானே."

அடிச்ச மாதிரி ஆயிருச்சு சில்வஸ்டருக்கு. "ஊசி கீசி கெடையாதாண்ணே? வேற வழியே இல்லாமயா அறுத்து எடுக்குறாங்க?"

"இருக்கு. சாவியக் குடுத்தா ஊசி."

சில்வஸ்டருக்குப் புரிஞ்சுது. லயத்துல இருக்கிறவனுக்கு அதுக்கு மேல வெளக்கம் வேண்டியதில்ல. ஆனாலும், "குடுத்துருங்கண்ணே. செவுரு முக்கியமா, ஆம்பளையா இருக்கிறது முக்கியமா? நானா இருந்தா இத ஒத்துக்க மாட்டேன்"னாரு.

"நீயா இருந்தா உனக்குப் பொண்டாட்டின்னு ராஜி இருக்கா. பக்கத்துல படுத்துக்கிறதுக்கு ஆள் இருக்கு. எனக்கு என்ன இருக்கு? கதவு ஒண்ணு இருக்கு. அத நானாத் தொறந்து நானாச் சாத்திக்கிறேன்."

"கோகிலாவுக்குத் தெரியுமா?"

"அவளுக்கும் ஹெர்னியாதான்."

"அண்ணே, நாளைக்கு அந்தப் புள்ள வந்து, எங்கப்பாவ என்ன பண்ண நீங்க யாரு கையெழுத்துப் போடன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்? சொந்தத் தம்பியா நானு? அவகிட்ட சொல்லுங்க. சொல்லிட்டேன்னு வந்து சொல்லுங்க, போடுறேன். இல்லாட்டி மாட்டேன்."

ராஜரத்தினம் போன எடுத்துக்கிட்டு வராந்தாக் கடைசிக்குப் போனாரு. அங்க ஒடஞ்ச வீல்சேர் ரெண்டு கெடந்துது. கோகிலா எடுத்தா. பின்னாடி மிஷின் சத்தம்.

"அப்பா, ஓவர்டைம்ல இருக்கேன். அட்மிட் ஆயிட்டீங்களா?"

"ஆயிட்டேன் மகள். அது வந்து… ஆபரேஷன் நாளைக்குக் காலையில."

"ஹெர்னியாதானப்பா, பயப்படாதீங்க. இவங்க அப்பாவுக்கும் பண்ணுனாங்களே. நாலாம் நாள் சைக்கிள் எடுத்துட்டுக் கெளம்பிட்டாரு."

"மகள், அது ஹெர்னியா வந்து…"

"ம்? சத்தத்துல கேக்கலப்பா. நான் வேணா வரட்டுமா? சிப்மெண்ட் இருக்கு, லீவு கேட்டா மொறைப்பாங்க. வரணும்னா சொல்லுங்க, வந்துர்றேன்."

அந்த எடத்துல சொல்லியிருக்கலாம். சொன்னா அவ மிஷின நிறுத்திட்டு அழுவா. ஆபரேஷன் வேணாம், சாவியக் குடுத்துட்டு இங்க வாங்கம்பா. கமலேஷும் நல்ல பையன், அவனும் வாங்கம்பான். அப்புறம் அந்த மாடிப்படி.

"வேணாம் மகள். சில்வஸ்டர் இருக்கான். நீ வேலையப் பாரு."

"சாப்ட்டீங்களா?"

"சாப்ட்டேன்."

போன் கட் ஆனதுக்கு அப்புறமும் அவரு அதக் காதுலயே வெச்சிருந்தாரு. சில்வஸ்டர் தூரத்துல இருந்து பாத்துட்டு இருந்தாரு. அதனால பேசுற மாதிரி நாலஞ்சு தடவ தலைய ஆட்டுனாரு. ஒரு தடவ "ஆமா மகள், அதேதான்"னு சத்தமாவும் சொன்னாரு. அப்புறம் போன சட்டப் பையில போட்டுக்கிட்டு மெல்ல நடந்து வந்தாரு.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னா?"

"உங்க இஷ்டம்ப்பான்னா."

சில்வஸ்டர் அவரு மூஞ்சியவே ரொம்ப நேரம் பாத்தாரு. நம்புனாரா, நம்புன மாதிரி இருந்துட்டாரான்னு தெரியல. உள்ள போயி, உறவுமுறைன்னு போட்டிருந்த எடத்துல தம்பின்னு எழுதி, கையெழுத்துப் போட்டாரு. அதுக்குக் கீழ ராஜரத்தினமும் தன் பேர எழுதுனாரு.

மறுநாள் காலையில எட்டே முக்காலுக்கு அவர உள்ள கொண்டுபோனாங்க. ஆபரேஷன் முடிஞ்சு பத்து மணிக்கு வெளிய கொண்டுவந்தாங்க. சில்வஸ்டர் டீயும் பன்னும் வாங்கி வெச்சிருந்தாரு. மத்தியானம் வரைக்கும் ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னு நர்ஸ் சொன்னதுனால ரெண்டையும் அவரே முடிச்சுட்டாரு.