பதினோராவது பெயர்

எங்கள் ஊர்க் கால்பந்துக் கழகம் எப்படிப் பிறந்தது என்று யார் கேட்டாலும், நான்தான் பெற்றேன் என்பேன். மறுத்துப் பேச அந்தக் காலத்து ஆள் ஒருவரும் மிச்சமில்லை. அது ஒரு வசதி.

1924 வரை உடற்பயிற்சிச் சங்கத்துக்குள்ளேதான் பந்து உதைத்தோம். நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து ஏறி, முகத்துக் கரியைக் கழுவியதும் பாதிப்பேர் உடற்பயிற்சிக் கம்பியில் தொங்குவார்கள், மீதிப்பேர் பந்தோடு ஓடுவார்கள். என் அண்ணன் லம்பெர்ட் கம்பிக்கு ராஜா. அவன் சுற்றுகிற வேகத்தில் முன்வரிசைக்காரர்களின் பீரில் அலையடிக்கும். அந்தக் கோடையில் கொலோன் நகரத்து உடற்பயிற்சி விழாவுக்கு எங்கள் வட்டாரம் முழுவதிலுமிருந்து அவன் ஒருவனைத்தான் எடுத்திருந்தார்கள். எட்டு வருட உழைப்பு. அம்மா வெள்ளைச் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் மேலிடத்து உத்தரவு வந்தது: கம்பியும் பந்தும் இனி தனித்தனி. ஒருவன் பெயர் ஒரு பட்டியலில்தான் இருக்கலாம்.

சங்கத் தலைவர் ப்ரோய்க்கர் வாத்தியார். "பந்துக்குப் பின்னால நாய்தான்யா ஓடும்" என்றார்.

"அதான் சார், உங்க பின்னால ஒரு நாய்கூட ஓடக் காணோம்!" என்றேன். மண்டபத்துக் கூரை ஓடு நாலு பெயர்ந்து விழும் அளவுக்குச் சிரிப்பு.

வெளியேறி, எதிர்த்த பீர்க்கடையில் உட்கார்ந்து பட்டியல் எழுதினோம். பதிவு செய்யப் பதினோரு பேர் வேண்டும். எண்ணினால் பத்து.

"டேய் எவால்ட், இன்னொரு ஆளுக்கு எங்கடா போறது?" என்றான் கூட்டாளி ஸ்டாகோவியாக்.

"எங்கண்ணன் இருக்கானே."

"அவன்கிட்ட கேட்டியா?"

"கூடப் பொறந்தவன்கிட்ட என்னடா கேக்கறது? ஆட்டத்துக்கு வேற ஆள் புடிச்சுக்கலாம்."

எழுதினேன். அவன் கையெழுத்தையும் அவனைவிட அழகாகப் போட்டேன். பந்துக்காரன் பட்டியலைக் கம்பிக்காரன் திரும்பியும் பார்க்கமாட்டான் என்பது என் கணக்கு. ஆனால் இரண்டு பட்டியலும் வட்டார அலுவலகத்தில் ஒரே குமாஸ்தாவின் மேசையில் போய் விழுந்தன. எங்கள் ஜெர்மன் குமாஸ்தா காகிதத்தைப் படிக்காமல் விடுவானா?

விழாவுக்கு மூன்று வாரம் இருக்கையில் லம்பெர்ட்டைச் சங்கத்திலிருந்து நீக்கினார்கள்.

வீட்டுக்கு வந்து கேட்டான். "நீயா எழுதின?"

"ஒரு பேருதானேண்ணே…"

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா மாட்டேன்னுருப்ப."

"ஆமா" என்றான்.

ப்ரோய்க்கரிடம் ஓடினேன். "கையெழுத்து நான் போட்டது சார், அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

"அப்படியா? எழுதிக் குடு. அவனை இப்பவே சேத்துக்கறேன். உங்க கழகப் பதிவு பொய்யாப் போகும், பரவாயில்லையா?"

காகிதத்தையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார். நான் அவற்றை ரொம்ப நேரம் பார்த்தேன். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

விழா லம்பெர்ட் இல்லாமலே நடந்து முடிந்தது. அடுத்த ஞாயிறு எங்கள் முதல் ஆட்டம். கூப்பிடாமலே மைதானத்துக்கு வந்தான். "பேரு இருக்குல்ல, ஆடித்தானே ஆகணும்" என்று ஸ்டாகோவியாக்கிடம் சொன்னான். ஒன்பது கோல் வாங்கித் தோற்றோம். அத்தனையும் கோல்காவலனான என்னைத் தாண்டிப் போனவை. ஒன்பதுக்கும் காற்றுதான் காரணம் என்று இன்றும் சாதிக்கிறேன். நாங்கள் போட்ட ஒரே கோல், கழகத்தின் முதல் கோல், லம்பெர்ட் அடித்தது. இருபது மீட்டரிலிருந்து அடித்தான். நான் சொல்லச் சொல்ல அது இப்போது அறுபதாகியிருக்கிறது. எல்லோரும் கத்தினார்கள். அவன் கோட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, ஆட்டம் முடியுமுன்பே மைதானத்தைவிட்டுப் போனான்.

அதற்குப் பின் பத்தொன்பது வருடம் ஒரே கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்கினோம். தினமும் அந்த இருட்டில் ஒரு புதுக் கதை அவிழ்த்துவிடுவேன். அகப்பட்டதையெல்லாம் ஊதிப் பெருக்கிச் சொல்வேன். முப்பது பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நான் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். அண்ணன் சிரிப்பு எனக்குத் தெரியும், ஆயிரம் பேர் சிரித்தாலும் பிரித்துச் சொல்லிவிடுவேன்.

ஒரு நாளும் கேட்கவில்லை.