கேட்டவருக்கெல்லாம் கிடைத்த முகவரி

அந்த மருத்துவமனை ஊழியர்கள் எண்ணூறு பேரின் பெயர், தொலைபேசி எண், வீட்டு முகவரி எல்லாம் ஒரே சர்வரில் இருந்தன. டைரக்டரி என்பார்கள். பிரிண்டர்கூட அதனிடம் கேட்டுத்தான் ஆளை அடையாளம் காணும். அதைப் பராமரித்த கணினிப் பிரிவுக்காரிக்கு ஒரு விஷயம் ஆறு மாதமாக உறுத்தியது. பாஸ்வேர்டு இல்லாமல் கேட்டாலும் அது பதில் சொன்னது. காத்திருப்போர் கூடத்து வைஃபையும் இலவசமாகக் கிடைக்கும் ஒரு சின்ன மென்பொருளும் இருந்தால் போதும், யார் வீட்டு முகவரியும் வந்து விழும்.

மேலாளருக்கு மூன்று கடிதம் எழுதினாள். பாஸ்வேர்டு இல்லாத அந்த வழியை மூடினால் பழைய பிரிண்டர்கள் நின்றுவிடும், பிறகு பார்க்கலாம் என்று மூன்று முறையும் தட்டிக்கழித்தார்.

ஒரு திங்கட்கிழமை காலை, குழந்தைகள் வார்டு நர்ஸ் உதட்டில் தையலோடு அவள் அறைக்கு வந்தாள். கணவனின் அடி தாங்காமல் பிரிந்து, தங்கையைத் தவிர யாருக்கும் சொல்லாமல் வீடு மாறியவள். முந்தின நாள் அவன் வாசலில் வந்து நின்றிருக்கிறான்.

“தங்கச்சிதான் சொல்லிட்டான்னு நெனச்சு, அவள வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன்க்கா. அவ அழுதுகிட்டே இல்லவே இல்லைங்கறா.”

கணினிக்காரி சர்வரின் பதிவுகளைத் திறந்தாள். சனிக்கிழமை மூன்று பத்துக்கு, காத்திருப்போர் கூடத்திலிருந்து, பாஸ்வேர்டு இல்லாமல் ஒரே ஒரு பெயர் தேடப்பட்டிருந்தது, நர்ஸுடையது.

“அவ சொல்லல. நாங்கதான் சொல்லியிருக்கோம்” என்றாள்.

யாரிடமும் கேட்காமல் அந்த வழியை மூடினாள். பாதி பிரிண்டர்கள் நின்றன. பதினைந்து நிமிடத்தில் மேலாளர் வந்துவிட்டார். ஒருத்தியின் குடும்பச் சண்டைக்காக மருத்துவமனையையே முடக்குவதா என்று குதித்தார்.

அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். எண்ணூறு பேரில் ஒருவருடைய முகவரி மட்டும் காலியாக இருந்தது. அவருடையது. அவளுடைய முதல் கடிதம் போன மறுநாளே, அவர் சொன்னதன் பேரில் ஊழியர் பிரிவு எழுத்தர் அதை நீக்கியிருந்தார்.

“அப்போ உங்களுக்குப் புரிஞ்சுதான் இருந்திருக்கு, சார்.”

மாலையில், அனுமதியின்றிச் சேவையை நிறுத்தியதற்கு விளக்கம் கேட்டு அவளுக்கு மெமோ வந்தது.

பிரிண்டர்களுக்குத் தனித்தனிப் பாஸ்வேர்டு போட்டுத் திரும்ப ஓடவைக்க அவளுக்கு ஆனது இரண்டே நாள். ஆறு மாதமாகத் தள்ளிப்போட்டது அந்த இரண்டு நாள் வேலையைத்தான். எண்ணூறு முகவரிகளையும் டைரக்டரியிலிருந்து எடுத்துவிட்டாள். மூன்று கடிதங்களையும் பதிவையும் நகலெடுத்து நர்ஸிடம் கொடுத்து, அவளோடு காவல் நிலையத்துக்கும் போனாள். புகாரில் கணவன் பெயருக்குக் கீழே மேலாளரின் பெயரையும் எழுதச் சொன்னாள். எழுதிய காவலர் தயங்கினார். அவர் எழுதி முடிக்கும்வரை இருவரும் எதிரே நின்றார்கள்.