பத்தாவது கட்டம்

லாரி ஹாரன் அலறியது. தெருவில் இல்லை, அறைக்குள்ளேயே.

ஹரிதாவின் கையிலிருந்த டீ மேஜையில் சிந்தியது. அருள்குமாரின் கம்ப்யூட்டரிலிருந்து வந்த சத்தம் அது. ஆட்டத்தில் ஸ்கோர் சமமானால் அப்படி அலற வேண்டும் என்று அவன்தான் ஏற்பாடு செய்து வைத்திருந்தான். எட்டாவது இன்னிங்ஸ், மூன்றுக்கு மூன்று.

கலிபோர்னியாவில் அப்போது வெள்ளி இரவு. திருச்சானூரில் சனிக்கிழமை காலை, மணி ஒன்பதே முக்கால். கீழே லாட்ஜ் வாசலில் ஷேர் ஆட்டோக்காரர்கள் பக்தர்களைக் கூவி அழைத்துக்கொண்டிருந்தார்கள். மாடியில் இருந்த அந்தச் சின்ன ஆபீஸுக்கு வேலை, ஓர் அமெரிக்க இணையதளத்துக்காக பேஸ்பால் ஆட்டங்களைப் படமாக வரைந்து தருவது.

சோதித்துப் பார்க்கிற டெஸ்ட் பக்கத்துக்கு எதற்கு இந்த அலறல், சத்தத்தைக் குறை என்றாள் ஹரிதா.

அருள்குமார் குறைக்கவில்லை. திரையை அவள் பக்கம் திருப்பினான்.

"டெஸ்ட் இல்ல ஹரிதா. நெஜ பேஜ். ஜனங்க பார்த்துகினு இருக்காங்க."

அவள் குனிந்து பார்த்தாள். அவள் வரைந்த படம்தான். நடுவில் ஒரு கோடு. அதற்கு மேலே சொந்த ஊர் அணியின் நீலம், கீழே, வெளியூரிலிருந்து வந்த அணியின் ஆரஞ்சு. ஒவ்வொருவர் ஆடி முடிக்கும்போதும் வெற்றி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் கோடு ஏறும் அல்லது இறங்கும். ஒன்பது இன்னிங்ஸுக்கு ஒன்பது கட்டம். நிறைய பேர் ஆடிய இன்னிங்ஸுக்கு அகலமான கட்டம், சட்டென்று முடிந்ததற்கு ஒல்லியான கட்டம். ஆட்டத்தைப் பார்க்காதவன்கூட, எங்கே இழுபறி, எங்கே அடி என்று ஒரே பார்வையில் சொல்லிவிடலாம். அவள் நான்கு மாதம் உழைத்த படம்.

மூலையில் பார்வையாளர் எண்ணிக்கை பதினெட்டாயிரத்தைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது.

அந்தப் பக்கத்தில் இருந்தது பழைய பதிப்பு. தப்பான பதிப்பு.

தப்பு அவளுடையதும் அருள்குமாருடையதும்தான். அவள் ஊர் நகரி, அவன் ஊர் பக்கத்து விஜயபுரம். இரண்டு பேரும் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள். கடைசியில் ஸ்கோர் சமமாக நின்றால் ஆட்டம் டை, முடிந்தது. யாரையும் கேட்காமலே அப்படி எழுதிவிட்டார்கள். பேஸ்பாலில் அது கிடையாது. யாராவது ஜெயிக்கும்வரை பத்து, பதினொன்று என்று இன்னிங்ஸ் நீளும். நேற்று மாலை, பத்தாவது கட்டம் எப்படி இருக்கும் என்று இணையதளத்துக்காரர்கள் சாதாரணமாகக் கேட்டபோதுதான் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காலையிலிருந்து தலை நிமிராமல் உட்கார்ந்து அவள் அதைச் சரிசெய்து முடித்திருந்தாள். சரிசெய்தது இன்னும் அவள் லேப்டாப்பில்தான் இருந்தது.

இணையதளத்தின் பொறுப்பாளர் நளினி. ஃபோனில் இங்கிலீஷைத் தவிர வேறு பேசியதில்லை. பிறந்ததே அமெரிக்காவில்தான் என்று ஆபீஸில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவர் சொன்னது ஒன்றுதான். ஒரே ஓர் ஆட்டம். அதில் படம் தாக்குப்பிடித்தால் எல்லா அணிகளுக்கும் இதுவே. சொதப்பினால் பழைய ஸ்கோர் அட்டவணையே போதும். அப்படியானால் ஹரிதா மறுபடியும் பின்வரிசை பெஞ்சுக்குப் போய் ஸ்கோர் டைப் அடிக்க வேண்டியதுதான். இரண்டு வருஷம் அதைத்தான் அடித்தாள்.

ஆட்டம் தொடங்கி முதல் ஒரு மணி நேரம் பக்கத்தைத் தொடக் கூடாது என்பது இணையதளத்தின் வழக்கம். ஆனால் நளினி கொடுத்திருந்த நேரம் இந்திய நேரப்படி பத்தரை. ஏழே முக்காலுக்குத் தொடங்கும் ஆட்டத்தில் முக்கால்வாசி போன பிறகு எதற்குப் படத்தை மாற்றுவது என்று யாருக்கும் விளங்கவில்லை. அமெரிக்காக்காரர்கள் கணக்கு ஏதாவது இருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

"யாரு போட்டது?" என்றாள்.

அருள்குமார் கண்ணாலேயே கண்ணாடி அறையைக் காட்டினான். எட்டு ஐம்பதுக்குப் போட்டதாகப் பதிவாகியிருந்தது.

அங்கே முதலாளி சுதீர் உட்கார்ந்திருந்தார். அவருடைய மானிட்டரின் நெற்றியில் குங்குமம். பக்கத்தில் எரிந்து முடிந்த ஊதுபத்தி. காலையில் அந்த வாசனை வந்தபோது, சனிக்கிழமை பூஜை என்று ஹரிதா கண்டுகொள்ளாமல் விட்டிருந்தாள்.

சுதீர் மறைக்கவில்லை. பத்தரைக்குப் போட்டால் ஆட்டமே முடிந்துபோகும், அப்புறம் என்ன சோதனை என்றார். அதற்கு முன்னால் போடலாம் என்றால் ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம். அதனால் ஒன்பதுக்குள் போட்டுவிட்டார். அவளிடம் சொன்னால் பதறுவாள் என்று சொல்லவில்லை.

அவள் பத்தாவது கட்டத்தைப் பற்றிச் சொன்னாள். ஒன்பதாவது இன்னிங்ஸும் சமமாக முடிந்தால், ஆட்டம் முடிந்தது, டை என்று பதினெட்டாயிரம் பேருக்கு அந்தப் பக்கம் அறிவித்துவிடும். அங்கே மைதானத்தில் ஆள் ஆடிக்கொண்டிருப்பான்.

சுதீரின் முகம் வெளுத்தது. புதிய பதிப்பை ஏற்ற, அவர் ஃபோனுக்கு வரும் ஆறு இலக்க ஓ.டி.பி. எண் வேண்டும். அவர் ஃபோனை எடுத்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடியும் வைத்துவிட்டு, பாதி தெலுங்கில் சொன்னார்.

"வத்தம்மா. இப்ப வேணாம். பத்தரை ஆகட்டும்."

வெளியிலிருந்து அருள்குமார் குரல் கொடுத்தான். ஒன்பதாவதில் வெளியூர் அணி ஒன்றும் எடுக்கவில்லை. சொந்த ஊர் அணி ஆடத் தொடங்கிவிட்டது. மணி பத்து.

ஒரு ரன் வந்தால் போதும், ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும், யாருக்கும் எதுவும் தெரியாது. ஹரிதா திரையையே பார்த்தாள். முதல் ஆள் அவுட். அடுத்தவன் அடித்துவிட்டு ஓடி, ரன்னுக்குப் பாதி வழியில் இருக்கும் இரண்டாவது பேஸில் நின்றான். கோடு நீலத்துக்குள் ஏறியது. அடுத்தவன் அவுட். கோடு சரிந்தது. மூன்று அவுட்டில் இன்னும் ஒன்றுதான் பாக்கி.

கெஞ்சிப் பயனில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. ஊரில் தறி நெய்யும் அவள் அம்மா ருக்மணியும் இப்படித்தான். ராகு காலத்தில் புதுத் தறிக்குப் பாவு நூல் ஏற்ற விடமாட்டாள். ஆனால் ஓடுகிற தறியை ஒருநாளும் நிறுத்தச் சொன்னதில்லை.

"சார், நீங்க நல்ல நேரத்துல ஆரம்பிச்சிட்டீங்க," என்றாள். "இது புதுசு இல்ல. நடந்துகினு இருக்கற வேலை. ராகு காலத்துல ஆரம்பிக்கக் கூடாதுதான். நடக்கறத நிறுத்தணும்னு யாராவது சொல்லி இருக்காங்களா?"

சுதீர் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தார். ஃபோனை எடுத்து, எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசி எண்ணைச் சொல்லும்போது கண்ணை மூடிக்கொண்டார்.

ஹரிதா ஓடிவந்து அவற்றைத் தட்டினாள். திரையில் பதிப்பு ஏறுவதைக் காட்டும் பட்டை நகர ஆரம்பித்தது. கால்வாசி. பாதி. கீழே லாட்ஜில் யாரோ மோட்டார் போட, ட்யூப்லைட் ஒருமுறை கண் சிமிட்டியது. அருள்குமார் யூ.பி.எஸ் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான், பிடித்தால் மின்சாரம் போகாது என்பதுபோல.

"ஒசரமா அடிச்சிட்டான்," என்றான், திரையைவிட்டுக் கண்ணெடுக்காமல். பிறகு மெதுவாக, "புடிச்சிட்டாங்க."

ஒன்பதாவது முடிந்தது. மூன்றுக்கு மூன்று.

பக்கம் வெள்ளையானது. கோடு இல்லை, நீலம் இல்லை, ஆரஞ்சு இல்லை. பார்வையாளர் எண் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

ஒன்பது கட்டங்களும் கொஞ்சம் ஒடுங்கித் திரும்ப வந்தன. வலது ஓரத்தில் பத்தாவது கட்டம் திறந்தது. சரியாக நடுக்கோட்டில் ஒரு புள்ளி வந்து நின்றது, அடுத்து எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல்.

அருள்குமார் யூ.பி.எஸ் பெட்டியை விட்டுவிட்டு, இனிமேல் உனக்கு பெஞ்ச் இல்லை, சேர்தான் என்றான். அவள் சிரிப்பதற்குள் சுதீரின் ஃபோன் அடித்தது. நளினி.

சுதீர் ஸ்பீக்கரில் போட்டார். நளினி இங்கிலீஷில், குரலை உயர்த்தாமல் கேட்டார். பத்தரை என்று எழுத்தில் கொடுத்திருந்தேன், எட்டு ஐம்பதுக்கு எப்படி வந்தது? எல்லாம் தயாராக இருந்ததால் என்று சுதீர் ஏதோ இழுத்தார். தயாராக இருந்தால் பக்கம் ஏன் வெள்ளையானது என்று கேட்டார் நளினி. சுதீர் கைக்குட்டையைத் தேடினார்.

இனி ஒளிப்பதில் அர்த்தமில்லை என்று ஹரிதா முன்னால் வந்தாள். டை விஷயத்தில் செய்த தப்பையும், பத்தாவது கட்டம் சற்று முன்புதான் ஏறியது என்பதையும் உள்ளது உள்ளபடி சொன்னாள். நளினியின் பின்னால் ஆட்டம் பார்க்கிறவர்களின் சத்தம் மட்டும் ஃபோனில் இரைந்தது.

படம் இருக்கட்டும் என்றார் நளினி கடைசியில். திங்கட்கிழமையிலிருந்து எல்லா அணிகளுக்கும் இதுதான், வரைபவள் ஹரிதாதான். ஆனால் நான் கொடுக்கும் நேரத்தை இனிமேல் யாரும் மாற்றக் கூடாது.

ஹரிதாவுக்குத் தைரியம் வந்தது. முக்கால்வாசி ஆட்டம் போன பிறகு, அதென்ன மேடம் சரியாகப் பத்தரை என்று இங்கிலீஷில் கேட்டுவிட்டாள்.

ஃபோனில் ஒரு சின்னச் சிரிப்பு. பிறகு வந்தது இங்கிலீஷ் இல்லை.

"நான் நகரி பக்கத்துல புத்தூர்க்காரிம்மா. சனிக்கிழமை ஒம்போதுலேர்ந்து பத்தரைக்குள்ள புதுசா எதையாச்சும் ஆரம்பிப்பேனா?"