ஐந்து புள்ளிக்கு மேல்

ஓய்வூதிய அலுவலகத்துக்கு வரும் மின்னஞ்சலில் குப்பை நூற்றுக்குத் தொண்ணூற்றொன்றைத் தொட்ட செவ்வாய்க்கிழமை, சர்வர் அறையின் தரை நாலு அங்குலம் கீழே இறங்கியது. ஓர் ஓடுகூட விரியவில்லை. வழக்கம்போல் காலை வைத்த மெயில் பொறுப்பாளர் தடுமாறி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டார். அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் சல்லடை. பதினாறு வருஷமாக வருகிற மெயிலைச் சலித்து, குப்பையைத் தனிக் கிடங்கில் தள்ளி, மாதம் ஒருமுறை விழுக்காடு எழுதிக் கொடுப்பது அவர் வேலை.

குப்பை மெயில் கூடியதால்தான் தரை இறங்கியது என்று அவர் சொல்ல, மேலாளர் எட்டிப் பார்த்தார். "தரை இறங்கினா கொத்தனாரைக் கூப்பிடுங்க. மெயில் என்ன சிமெண்ட் மூட்டையா?"

கொத்தனார் ரசமட்டம் வைத்துப் பார்த்து, கட்டடத்தில் கோளாறில்லை என்றார். "உள்ள ஏதோ கனமா இருக்கு சார். எடுத்தா ஏறிடும்."

சல்லடை எடுத்துப் பார்த்தார். லாட்டரி விழுந்ததாகச் சொன்ன மெயில் பத்தாயிரத்தை அழித்தும் தரை அசையவில்லை. அவற்றுக்கு எடையே கிடையாது. கணவரின் இறப்புச் சான்றிதழை இணைத்து ஒரு விதவை எழுதி, தவறாகச் சிக்கியிருந்த மெயிலை விடுவித்தபோது தரை ஒரு நூல் ஏறியது. கனத்ததெல்லாம் நல்ல மெயில். அதற்குப்பின் சாப்பாட்டு நேரத்தையும் விட்டுத் தேடினார். மூன்று வாரத்தில் தரை பாதி மேலே வந்துவிட்டது.

இருபத்திரண்டாம் நாள் அவருடைய அக்காவின் மெயில்கள் கிடைத்தன, பதினொன்று. அம்மாவின் சாவு வீட்டில் வாய் தடித்துப் பிரிந்தவர்கள். ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அக்காவின் எண்ணைத் தன் போனில் அவரே தடுத்து வைத்திருந்தார். அதனால் அலுவலக முகவரியைத் தேடிப் பிடித்து எழுதியிருந்தாள். தலைப்பு இல்லாததற்கு ஒரு புள்ளி, பழக்கமில்லாத முகவரிக்கு ஒன்றரை, 'அவசரம்' என்ற சொல்லுக்கு இரண்டு, 'கடைசி'க்கு ஒன்று. ஐந்தைத் தாண்டினால் கிடங்கு. அந்தப் புள்ளிகளை வகுத்தவரும் அவர்தான்.

"தம்பி, அவசரம். டாக்டர் கையை விரிச்சிட்டார். கோபம் தீரலைன்னா வந்து திட்டிட்டுப் போ. கடைசியா ஒரு தடவை மூஞ்சியக் காட்டு."

பதினொன்றையும் விடுவித்தார். தரை ஏறவில்லை. ரசமட்டத்தை மூன்று முறை வைத்துப் பார்த்துவிட்டு, பஸ் பிடிக்க ஓடினார்.

அக்கா வீட்டில் புதுப் பூட்டு தொங்கியது. பக்கத்து வீட்டுக்காரி வெளியே வந்தாள்.

"அவங்க போய் நாப்பது நாளாச்சு. நீங்க யாரு?"

"தம்பி."

"ஓ, அந்தத் தம்பியா! பெரிய ஆபீஸ், மூச்சு விட நேரமிருக்காது, ஆனா மெயிலப் பார்த்துட்டா ஓடி வந்துடுவான்னு சொல்லிட்டே இருப்பாங்க."

குரலில் குத்தலே இல்லை. சல்லடை படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

திரும்பி வந்ததும் வரம்பை ஐந்திலிருந்து பத்தாக்கினார். கண்டதும் கழியதும் உள்ளே வந்தன. நாலாம் நாள் பதிவறை எழுத்தர் ஏதோ பரிசுப் படத்தை அமுக்க, கணினிகள் எல்லாம் பூட்டிக்கொண்டன. இரண்டு மாதம் ஒருவருக்கும் ஓய்வூதியம் போகவில்லை. வெயிலில் வரிசை நின்ற முதியவர்களில் இருவர் சுருண்டு விழுந்தார்கள், ஒருவர் எழுந்திருக்கவில்லை. வரம்பை மூன்றாக்கச் சொல்லி உத்தரவு வந்தது.

"மூணுன்னா நல்லது நிறைய மாட்டிக்கும் சார்."

"மாட்டினா மாட்டட்டும். அதெல்லாம் வந்து கேட்கவா போகுது?" என்றார் மேலாளர்.

சல்லடை மூன்றாக்கினார். அந்த வாரமே தரை ஆளுயரம் இறங்கியது. அலுவலகம் ஏணி ஒன்று வாங்கிப் போட்டது, பிறகு அதைவிட நீளமாக இன்னொன்று. புதிதாகச் சேர்பவர்கள் இரண்டு நாள் வியப்பார்கள்; மூன்றாம் நாள் எத்தனை படி என்று மட்டும் கேட்டுக்கொள்வார்கள். இப்போது பதினான்கு. ஆண்டறிக்கையில் மின்சாரச் செலவுக்கு அடுத்து, ஆழத்துக்கென்று ஒரு வரி இருக்கிறது. சல்லடை காலையில் இறங்கி, கைக்கு அகப்பட்ட நாலைந்து பேரை விடுவித்து, அன்றைய ஆழத்தைச் சுவரில் குறித்துவிட்டு, மாலையில் ஏறி வருகிறார்.